ஜப்பானியர் காலச் சிறைகளும் சயாம் முகாம்களும்



சிறைச்சாலை என்றதும் உயர்ந்த மதில், இரும்புக் கதவு, கம்பி போட்ட சிறிய சன்னல் ஆகியவையே நம் மனக்கண்ணில் தோன்றும். பேராக் மாநிலத்தில் வாழும் நமக்குத் தைப்பிங் சிறை நினைவுக்கு வரும். 1879ஆம் ஆண்டில் தோன்றிய அந்தச் சிறை இந்நாட்டின் மிகப் பழைய சிறைகளுள் ஒன்று. குற்றம் செய்தவரைச் சட்டம் விசாரித்து, இத்தனை ஆண்டு என்று கணக்குச் சொல்லி அடைத்துவைக்கும் இடம் அது.

ஆனால் இன்று நாம் பார்க்கப்போவது வேறு வகைச் சிறை. அதை நடத்துவது இராணுவம். அங்கே அடைபடுகிறவர் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதிரிப் படையில் போர்வீரராக இருந்தால் போதும். எதிரி நாட்டில் பிறந்திருந்தால் போதும். ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டு வானொலி கேட்டிருந்தாலே போதும். அப்படி அடைபட்டவர்களை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள்? ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள்? கேட்பதற்குச் சிறிய கேள்வியாக இருக்கிறது. ஆனால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் கதையும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில், போர்க்கைதிகளுக்கென்று உலக நாடுகள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பார்ப்போம். 1929ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. கைதிகளை ஈரமில்லாத, வெளிச்சமுள்ள, சுகாதாரமான கட்டடங்களில் தங்கவைக்க வேண்டும் என்றது அது. படுக்கும் அறையின் பரப்பும், காற்றோட்டமும், படுக்கையும், சிறைபிடித்த நாட்டின் சொந்தப் படைவீரர்களுக்கு முகாமில் என்ன தரமோ அதே தரத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். ஜப்பான் அதில் கையெழுத்திட்டது. ஆனால் முறைப்படி அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 1942இல் கேட்டபோது, தன் வசதிக்கேற்ற மாற்றங்களுடன் பின்பற்றுவதாகச் சொன்னது. அந்த மாற்றங்கள் எவை என்பதை மலாயா சீக்கிரமே தெரிந்துகொண்டது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. அம்மாதக் கடைசியில் சண்டை நம் கம்பாருக்கே வந்துவிட்டது. புத்தாண்டு பிறந்த நாள்களில் கம்பார் மலைச்சரிவில் பீரங்கி முழங்கியது. அடுத்து 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியற்காலையில், சிலிம் ரீவர் சாலை வழியே ஜப்பானிய டாங்கிகள் இருட்டோடு இருட்டாகப் புகுந்தன. இருபுறமும் ரப்பர் மரங்கள் நிற்கும் அந்தச் சாலையில், ஒரே காலைப் பொழுதில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் இரண்டு படைப்பிரிவுகள் சிதறிப்போயின. பஞ்சாபியர், கூர்க்கர், ஸ்காட்லாந்துக்காரர் என ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள்.

இவர்களில் பிரிட்டிஷ் வீரர் பலரைக் கோலாலம்பூரிலுள்ள பூடு சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1895இல் கட்டி முடித்த சிறை அது. தொடக்கத்தில் அவர்களைப் பெண் கைதிகளுக்கென்று கட்டியிருந்த சிறு பகுதியிலேயே நெருக்கி அடைத்தார்கள். சில பத்துப் பேருக்கான இடத்தில் பல நூறு பேர். படுக்க இடமில்லாமல் படிக்கட்டிலும் முற்றத்திலும் படுத்தார்கள். வயிற்றுக்கடுப்பும் சத்துக்குறைவும் பலரைக் கொண்டுபோயின. (இன்று அங்கே போய்ப் பார்த்தால் அந்தச் சிறை இல்லை. 2012ஆம் ஆண்டுக்குள் அதை இடித்துவிட்டார்கள். பழைய வாசல் மட்டும் நிற்கிறது. பின்னால் பேரங்காடி.)

பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது. அங்கே பிடிபட்ட இந்திய வீரர்களை உடனே தனியாகப் பிரித்தார்கள். பிப்ரவரி 17ஆம் நாள் பேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 பேரை ஒன்றுதிரட்டினார்கள். பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோரை நியூ கினி போன்ற தூரத்துத் தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அது தனியே பேசவேண்டிய ஒரு பெரிய கதை. வெள்ளைக்கார வீரர்களும் குடிமக்களும் சென்ற இடம் சாங்கி.

நேயர்களே, இந்தச் சாங்கியில் கொஞ்சம் நின்று பார்ப்போம். சாங்கி சிறையைப் பிரிட்டிஷார் 1936இல் கட்டினார்கள். ஏறத்தாழ 600 கைதிகளுக்கான சிறை. ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. அறையின் நடுவே கட்டிலுக்குப் பதிலாகச் சிமெண்டு மேடை ஒன்று இருக்கும். ஜப்பானியர் 1942இல் அதற்குள் ஏறத்தாழ 3,000 பேரை அடைத்தார்கள். இவர்கள் படைவீரர்கள் அல்லர். துரைமார், அதிகாரிகள், மருத்துவர்கள், பாதிரிமார், தாதியர், குழந்தைகள் ஆகியோர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் மறுபக்கம். கணவனும் மனைவியும் ஒரே மதிலுக்குள் இருந்தும் பார்த்துக்கொள்ள முடியாது.

ஓர் ஆளுக்கான அறையில் மூன்று பேர் எப்படிப் படுப்பது? ஒருவர் சிமெண்டு மேடையில், மற்ற இருவர் மேடைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தரையில். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. வீட்டில் ஒரு பாயை விரித்து இரண்டு புறமும் பெட்டிகளை வைத்து, அந்தச் சந்துக்குள் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே விளங்கிவிடும். இரவில் புரண்டு படுக்கவேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பித்தான் ஆகவேண்டும்.

படைவீரர்களை அடைத்தது சிறைக்கு வெளியே, அக்கம்பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் இராணுவக் குடியிருப்புகளில். அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1942 ஆகஸ்டு கடைசியில், தப்பி ஓடமாட்டோம் என்று எல்லாரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றது ஜப்பானிய இராணுவம். கைதிகள் மறுத்தார்கள். உடனே 15,000க்கும் மேற்பட்டவர்களைச் செலராங் என்னும் குடியிருப்புக்குள் தள்ளிவிட்டார்கள். ஒரு பட்டாளம், அதாவது ஓராயிரம் பேர் அளவில், தங்குவதற்குக் கட்டிய இடம் அது. தண்ணீர்க் குழாய்கள் ஒன்றிரண்டுதான். கழிப்பிடமே போதாது. அணிவகுப்புத் திடலின் தாரை உடைத்துக் குழி தோண்டி, அதையே கழிப்பிடமாக்கினார்கள். பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். முன்பு தப்பி ஓடிப் பிடிபட்ட நால்வரைச் செப்டம்பர் 2ஆம் நாள் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். நோய் பரவத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் கைதிகளின் தலைவர்கள் கையெழுத்திடச் சொன்னார்கள்.

இங்கே அடியும் உதையும் இல்லாமலேயே காரியம் முடிந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். இடத்தைக் குறைத்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்கள், அதுவே தண்டனையாகிவிட்டது. 1944இல் குடிமக்களை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டு, சிறைக்குள் படைக்கைதிகளைக் கொண்டுவந்தபோது, 600 பேருக்கான அதே கட்டடத்தில் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தார்கள். மற்றவர்கள் மதிலைச் சுற்றி அத்தாப்புக் கொட்டகைகளில் தங்கினார்கள்.

ஆனால் சாங்கியில் ஒன்று இருந்தது. கைதிகளின் படை அமைப்பு குலையவில்லை. அவர்களுடைய அதிகாரிகளே அவர்களை நடத்தினார்கள். மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். நாள்தோறும் ஆள் எண்ணிக்கை எடுத்தார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குத் தெங்கோ என்று பெயர். நம் தோட்டத்துப் பெரட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் எடுத்த எண்ணிக்கை போதாதென்று, கைதிகளே ஒரு பதிவுப் பிரிவை நடத்தினார்கள். யார் எங்கே அனுப்பப்பட்டார், யார் எப்போது இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று குறித்து வைத்தார்கள். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள். பின்னால் மறுபடியும் வரும்.

இப்போது நம் ஈப்போவுக்குத் திரும்புவோம். போர்க்கைதி முகாம் ஒரு வகை என்றால், கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசின் காவல் அறை மற்றொரு வகை. முகாமில் ஆளை வேலைக்காக வைத்திருப்பார்கள். கெம்பித்தாய் அறையில் வாயைத் திறக்கவைப்பதற்காக வைத்திருப்பார்கள். அது எப்படி நடந்தது என்பதற்குச் சிங்கப்பூரில் 1946இல் நடந்த போர்க்குற்ற விசாரணையில் தெளிவான சாட்சியம் இருக்கிறது. 1943 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கி, சாங்கியில் இருந்தவர்களும் ஊர்மக்களுமாக 57 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆணும் பெண்ணும் ஒரே அறையில். காலையிலிருந்து இரவு வரை தரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக்கூடாது. இரவு முழுவதும் விளக்கு எரியும். குடிக்கவும் கழுவவும் கழிப்பறைத் தொட்டியின் தண்ணீர்தான். அவர்களில் 15 பேர் இறந்தார்கள்.

ஈப்போவிலும் இதே கெம்பித்தாய் இருந்தது. அதன் கையில் சிக்கியவர்களில் நாம் நன்கு அறிந்தவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பணிபுரிந்தவர். அவருடைய கணவர் டாக்டர் கார்த்திகேசு ஈப்போவில் மருத்துவமனை நடத்திய தமிழர். குண்டுவீச்சுக்குப் பின் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அந்த அம்மையார் காட்டிலிருந்து இரவில் வரும் ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு மருந்திட்டார். ஒளித்து வைத்த வானொலிப் பெட்டியில் இலண்டன் செய்தி கேட்டு மற்றவர்களுக்கும் சொன்னார். அந்தப் பெட்டிக்கு வீட்டார் வைத்த மறைவுப் பெயர் ஜோசபின். இன்று நீங்கள் நிம்மதியாக வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறீர்கள். அன்று அது உயிரைப் பறிக்கும் குற்றம்.

1943இல் அவரைப் பிடித்தார்கள். ஈப்போ காவல் நிலையத்திலும் பின்னர் பத்து காஜா சிறையிலும் வைத்திருந்தார்கள். சித்திரவதையில் அவருடைய முதுகெலும்பும் தாடையும் சேதமடைந்தன. அவர் கண்முன்னே சிறுமியான மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினார்கள். அப்போதும் அவர் பெயர்களைச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகே வெளியே வந்தார். அப்போது அவரால் நடக்க இயலவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூன் 12ஆம் நாள் அங்கேயே காலமானார். மறு ஆண்டு அவருடைய உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அவர் சொல்லி எழுதவைத்த நூலும் 1954இல் வெளிவந்தது. ஆகவேதான் பத்து காஜா சிறையின் சுவருக்குள் நடந்ததை நம்மால் ஓரளவு அறிய முடிகிறது. எழுதிவைக்காமல் போன எத்தனையோ பேர் அதே சுவருக்குள் இருந்திருக்கிறார்கள்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோயிற்று. துரைமார் ஓடிவிட்டார்கள், அல்லது சாங்கியில் இருந்தார்கள். லயத்தில் இருந்த நம்மவர்களுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் சோறு. இந்த நிலையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதையைப் போட ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. 1942 ஜூன் மாதம் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் சந்தித்தன. காடும் மலையும் ஆறும் நிறைந்த வழியில் இத்தனை விரைவில் பாதை போட ஆள் வேண்டும். போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் போனார்கள். அது போதவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 பேரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு வாங்கினார்கள். ஆள் சேராத இடத்தில், இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றினார்கள். கடைக்குப் போனவர், கோயிலுக்குப் போனவர் என்று வழியில் பிடித்ததும் உண்டு. சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் நெருக்கி ஏற்றி, நான்கைந்து நாள் பயணத்தில் சயாமின் பான்போங் நிலையத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து நடை.

இவர்கள் கைதிகளா? சட்டப்படி இல்லை. இவர்கள் கூலியாட்கள். காகிதத்தில் எந்தச் சிறையிலும் இவர்கள் இருக்கவில்லை. மதில் இல்லை, இரும்புக் கதவு இல்லை. ஆனால் காட்டைவிட்டு எங்கே ஓடுவது? காடுதான் மதில்.

இவர்களுக்குக் கிடைத்த வீடு எப்படிப்பட்டது? போர்க்கைதிகளுக்கும் இவர்களுக்கும் கொட்டகை ஒரே மாதிரிதான். மூங்கில் தூண், அத்தாப்புக் கூரை, நடுவில் மண் நடைபாதை, இரு பக்கமும் பிளந்த மூங்கிலால் கட்டிய நீண்ட பரண். அந்தப் பரணில் வரிசையாகப் படுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டடி, இரண்டரை அடி அகலம். மூங்கில் இடுக்கில் மூட்டைப்பூச்சி. 1943 மே மாதம் பருவமழை கொட்டத் தொடங்கியபோது கூரை ஒழுகிற்று. கழிப்பிடக் குழிகள் நிரம்பி வழிந்தன. மழையோடு காலராவும் வந்தது.

கொட்டகை ஒரே மாதிரி இருந்தும் நடந்தது ஒரே மாதிரி இல்லை. போர்க்கைதி முகாமில் மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் அறிவு இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஒரு வாய் குடிக்கக்கூடாது, தட்டைக் கொதிநீரில் முக்காமல் சாப்பிடக்கூடாது, கழிப்பிடத்தை மூடிவைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். மூங்கிலைக் குழாயாக்கி, காய்ச்சிய உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றிச் சில காலரா நோயாளிகளைப் பிழைக்கவும் வைத்தார்கள். நம்மவர் முகாம்களில் இதைச் சொல்ல ஆளில்லை. தோட்டத்தில் தாகம் எடுத்தால் ஆற்றில் அள்ளிக் குடித்துப் பழகியவர்கள். அங்கேயும் ஆற்றில்தான் குடித்தார்கள். மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. காலரா ஒரு கொட்டகைக்குள் புகுந்தால் குடும்பம் குடும்பமாகச் சாய்த்தது. பயந்து ஓடியவர்கள் நோயை அடுத்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அதிகாரியும் மருத்துவரும் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து எஃப் படை என்ற பெயரில் 7,000 போர்க்கைதிகளை அனுப்பினார்கள். பான்போங்கிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் இரவு இரவாக நடக்கவைத்தார்கள். அவர்களில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவர் இருந்தும் உணவில்லை, கூரையில்லை என்றால் அதுதான் கதி. ஆனாலும் மொத்தக் கணக்கைப் பாருங்கள். பாதை போட்ட போர்க்கைதிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர், அதாவது ஐந்தில் ஒருவர். மலாயாவிலிருந்து போன கூலியாட்களில் பாதிப்பேர் வரை திரும்பவில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஜப்பானியருக்கே இந்தச் சாவு வேலைக்குத் தடையாகிவிட்டது. 1943 நடுவில் சாங்கியிலிருந்து கே படை என்ற பெயரில் மருத்துவரும் உதவியாளருமாக ஏறத்தாழ 230 கைதிகளைக் கூலியாட்களின் மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனை என்பது பெயருக்குத்தான். சாகப்போகிறவர்களை ஒதுக்கிவைக்கும் கொட்டகைகள் என்று அந்த மருத்துவர்களே பிற்பாடு எழுதினார்கள். தமிழ் தெரியாத மருத்துவர், ஆங்கிலம் தெரியாத நோயாளி. கையளவு மருந்துகூட இல்லை. இருந்தாலும் அவர்களால் சிலர் பிழைத்தார்கள்.

இப்போது சாங்கியின் பதிவுப் பிரிவை மறுபடியும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பாதை நெடுகிலும் முகாம்களில் இறந்த கைதிகளுக்கு அவர்களுடைய தோழர்கள் சிலுவை நட்டு, பெயர் எழுதி, படம் வரைந்து ஒளித்து வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும், 1945 செப்டம்பர், அக்டோபரில் கல்லறைகளைத் தேடும் குழு ஒன்று அந்தப் பாதை முழுவதும் சென்றது. மூன்று வாரங்களுக்குள், 144 இடங்களில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அது கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க முடியாமல் போனவை மிகச் சில. அந்த உடல்களைக் கொண்டுவந்து முறைப்படி அடக்கம் செய்தார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், பலவற்றில் வயதும் இருக்கும். புல்லை நாள்தோறும் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1957இல் வந்த ஆங்கிலத் திரைப்படம் குவாய் ஆற்றுப் பாலத்தை உலகமெங்கும் பிரபலமாக்கியது. அதுவும் இந்தப் படைவீரர்களின் கதைதான்.

நம்மவர்களுக்கு அப்படி யாரும் படம் வரைந்து வைக்கவில்லை. காலராவில் இறந்தவர்களைக் குழிக்குள் கூட்டமாகத் தள்ளினார்கள், அல்லது மூங்கில் அடுக்கி எரித்தார்கள். 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியிலிருந்து வந்தன. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் என்று கண்டார்கள். பெயர் சொல்லி அடையாளம் காட்ட எந்தப் பட்டியலும் இல்லை.

சயாமுக்குப் போனவர் என்ற சொல் நம் தோட்டங்களில் நெடுங்காலம் வழங்கிவந்தது. திரும்பாதவரைப் பற்றிப் பேசும்போதும் இறந்தவர் என்று சொல்லமாட்டார்கள். சயாமுக்குப் போனவர் என்றுதான் சொல்வார்கள். பிணத்தைப் பார்க்காததால் கருமாதி செய்வதா வேண்டாமா என்று தடுமாறிய வீடுகள் உண்டு. தாலியைக் கழற்றாமல் காத்திருந்த பெண்கள் உண்டு. அந்தத் தோட்டங்கள் பல இன்று இல்லை. லயங்களை இடித்து வீடமைப்புத் திட்டமாக்கிவிட்டார்கள், செம்பனை நட்டுவிட்டார்கள். குடும்பங்கள் ஈப்போ, சித்தியவான், தெலுக் இந்தான், கோலாலம்பூர் என்று பிரிந்து போய்விட்டன. தோட்ட அலுவலகத்துச் செக்ரோல் புத்தகங்களும் பெரும்பாலும் போன இடம் தெரியவில்லை.

ஆகவே வீட்டில் யாராவது சயாமுக்குப் போனவர் இருந்தார் என்று தெரிந்தால், பாட்டனார் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவருடைய பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டில் போனார், யார் யாருடன் போனார், கூடப் போய்த் திரும்பி வந்தவர் எவர், அவர் என்ன சொன்னார் என்பவற்றைத் தெரிந்த அளவுக்கு எழுதிவையுங்கள். பாட்டிமார் உயிரோடு இருக்கும் வீடுகளில் முதலில் அவர்களைக் கேளுங்கள். பெயரை அவர்கள் சொல்லத் தயங்கினால் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லாத தலைமுறை அது.